மணல்மேட்டின் பின்சரிவில் நீர் எப்போதும் பின்னோக்கிச் சுழலுமா?

கரையோரம் (பதிவு 1)

ஆற்றுக்கு அடியில் உருவாகும் மணல்மேடுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே படம்தான். மேல்நீர்ப் பக்கம், அதாவது நீர் வரும் பக்கம், நீண்ட, மெல்லிய ஏற்றம். அப்புறம் முகடு. முகட்டைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும் சரிவு. அந்தச் சரிவின் அடியில் ஒரு வட்ட அம்புக்குறி போட்டு, இங்கே நீர் பின்னோக்கிச் சுழல்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பெரிய ஆறுகளில் எதிரொலிமானி (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) வைத்து எடுத்த படுகை வரைபடங்களில் பின்சரிவு அவ்வளவு செங்குத்தாக இல்லை. 10 டிகிரி, சில இடங்களில் அதற்கும் குறைவு. வரைபடத்தில் செங்குத்து அளவைப் பெரிதாக்கிப் போடுவதால் பார்வைக்கு மலைபோலத் தெரிகிறது, கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரிகிறது. இவ்வளவு சாதுவான சரிவிலும் நீர் படுகையை விட்டுப் பிரியுமா? பிரியாது என்றால், ஆற்றோட்டத்துக்கான தடையில் பெரும்பங்கு மணல்மேடுகளால் வருகிறது என்று சொல்வதெல்லாம் என்ன ஆகும்?

சமன்பாடுகள் வந்தாலும் பரவாயில்லை. முதலில் அங்கே என்னதான் நடக்கிறது என்று புரிய வேண்டும்.

---

சுழி (பதிவு 2)

முதலில் புத்தகப் படத்தில் இருப்பதையே ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். அது தவறான படம் இல்லை, ஒரு வகை மணல்மேட்டின் படம்.

6 மீட்டர் ஆழமுள்ள ஆறு, நீரின் சராசரி வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆழத்துக்கு மணல்மேடு சுமார் 1 மீட்டர் உயரமும் 30, 40 மீட்டர் நீளமும் இருக்கும். உயரம் ஆழத்தில் ஆறில் ஒரு பங்கு, நீளம் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு என்பது பழைய கைக்கணக்கு. விதிவிலக்குகள் ஏராளம்.

பள்ளத்துக்கு மேலே 6.5 மீட்டர் நீர், முகட்டுக்கு மேலே 5.5 மீட்டர் நீர். அதே அளவு நீர் குறைந்த ஆழத்தில் போக வேண்டுமென்றால் வேகமெடுத்தே ஆக வேண்டும். பள்ளத்தின் மேல் நொடிக்கு 0.92 மீட்டராக இருந்தது முகட்டில் 1.09 ஆகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். இந்தக் கணக்கில் அது ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். அதாவது முகட்டுக்கு நேர் மேலே ஆற்றின் மேற்பரப்பு உயராமல், அந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். படுகை மேடானால் மேற்பரப்பும் மேடாகும் என்பது மிக வேகமான, ஃப்ரூட் எண் (நீரின் வேகத்துக்கும் மேற்பரப்பு அலையின் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 1-ஐ நெருங்கும் ஓட்டத்துக்குத்தான் பொருந்தும். அங்கே உருவாகும் எதிர்மேடுகள் வேறு கதை. 1914-இல் அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் தன் கால்வாய்ச் சோதனைகளில் அவற்றைப் பதிவு செய்தார். அந்த மேடுகளின் வடிவம் நீர் வரும் திசையை நோக்கியே நகர்ந்துபோகக் கூடியது.

சரி, முகட்டைத் தாண்டுவோம். ஆழம் திடீரென்று கூடுகிறது, வேகம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. நடு ஆழத்தில் போகும் நீருக்கு உந்தம் இருக்கிறது, ஏறும் அழுத்தத்தை எதிர்த்துப் போய்விடும். படுகையை ஒட்டி வரும் நீர் ஏற்கெனவே உராய்வில் தளர்ந்து போயிருக்கிறது, அதற்கு முடியாது. நின்றுவிடுகிறது, பிறகு திரும்புகிறது. பின்சரிவு 30 டிகிரி என்றால் இது ஓயாமல் நடக்கும். முகட்டில் பிரிந்த நீர், மேட்டின் உயரத்தைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு தூரம் போய்த்தான் மறுபடி படுகையைத் தொடுகிறது. இடையில் அடைபட்டிருப்பதுதான் உங்கள் வட்ட அம்புக்குறி.

ஆனால் முக்கியமான இடம் அந்தச் சுழலைவிட அதன் மேல்விளிம்புதான் என்பேன். மேலே வேகமான நீர், கீழே தயங்கும் நீர், நடுவே மெல்லிய ஒரு படலம். அந்தப் படலம் நிலையாக இருக்காது. அலையாக நெளிந்து, சுருண்டு, உருளைகளாக உடைந்து கீழ்நீரை நோக்கிப் போகும். ஆற்றின் கொந்தளிப்பில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. அவற்றில் சில உருளைகள் மேற்பரப்பு வரை ஏறிவந்து வட்ட வட்டமாகக் கொப்பளிக்கும். சில சமயம் அந்த இடத்தில் நீர் கலங்கலாகத் தெரியும். கீழேயிருந்து மணலையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

---

கரையோரம் (பதிவு 3)

அருமை. ஒரு சந்தேகம். நீர் மறுபடி படுகையைத் தொடும் புள்ளியில் சராசரி வேகம் சுழியம் அல்லவா? ஒரு பக்கம் பின்னோக்கி, மறுபக்கம் முன்னோக்கி. அப்படியென்றால் அங்கே உராய்வு இல்லை, மணலும் நகராது. சரிதானே?

---

சுழி (பதிவு 4)

சராசரி உராய்வு இல்லைதான். மணல் மட்டும் நன்றாகவே நகரும்! மணலுக்குச் சராசரி தெரியாது, அந்த நொடியில் மேலே மோதும் நீர்தான் தெரியும். மேலிருந்து இறங்கும் உருளைகள் அங்கே படுகையில் விட்டுவிட்டு மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் ஒரு கொத்து மணல் கிளம்பும். சராசரி உராய்வை மட்டும் வைத்து மணல் பெயர்ச்சியைக் கணக்கிடும் சூத்திரங்கள் மேட்டின் பள்ளத்தில் தோற்றுப்போவது இதனால்தான்.

---

பாலைக்காற்று (பதிவு 5)

இதில் இவ்வளவு சிக்கல் எதற்கு? பாலைவன மணல்மேடும் இதேதான். அங்கே காற்று, இங்கே நீர். ஏற்றம், முகடு, சறுக்கு முகம், பின்னால் சுழல். அடர்த்தியை மாற்றிப் போட்டால் கணக்கு முடிந்தது.

---

படுகை (பதிவு 6)

அடர்த்தியை மாற்றிப் போட்டால் கணக்கு முடியாது, அங்கேதான் தொடங்குகிறது.

மணல் துகள் நீரைவிட 2.65 மடங்குதான் அடர்த்தி. காற்றைவிட 2000 மடங்குக்கும் மேல். காற்றில் ஒரு துகள் முழு வேகம் பிடிக்க நெடுந்தூரம் ஆகும், அது விழும்போது மோதி மற்ற துகள்களையும் தெறிக்கவிடும். நீரில் துகள் சட்டென்று நீரின் வேகத்தைப் பிடித்துவிடும், விழும்போதும் பெரிதாகத் தெறிக்காது.

இதன் விளைவு என்ன? மேடு வளர்வதற்குக் காரணம் ஒரு சின்ன இடப் பிசகு. படுகை உராய்வின் உச்சம் முகட்டில் விழாமல், அதற்குச் சற்று முன்பே விழுகிறது. ஆகவே முகட்டை அடையும்போது உராய்வு இறங்கத் தொடங்கிவிடுகிறது, நீர் கொண்டுவந்த மணலில் ஒரு பங்கு அங்கேயே படிகிறது, மேடு உயர்கிறது. ஆனால் மணல் பெயர்ச்சி ஓட்டத்தின் மாற்றத்துக்கு உடனே ஈடுகொடுக்காது, கொஞ்ச தூரம் பின்தங்கும். அந்தத் தூரத்தைவிடச் சிறிய மேடு நிலைக்காது. காற்றில் அந்தத் தூரம் அதிகம் என்பதால் பாலைவனத்தில் உருவாகும் மிகச் சிறிய மேடே சுமார் 20 மீட்டர் நீளம். நீரில் அது சில சென்டிமீட்டர்தான். பிறை வடிவ மேடுகளைச் சோதனைத் தொட்டியில் நீருக்கடியில் கையகல அளவில் 2002-இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

அதனால் பாலைவன மேட்டுக்கு நெருங்கிய உறவு ஆற்றில் இருக்கும் சின்ன ரிப்பிள் வரிகள்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ரிப்பிளின் நீளம் ஆழத்தைப் பொறுத்ததில்லை, துகளின் அளவைப் பொறுத்தது. மணல் 0.7 மில்லிமீட்டரைவிடப் பருமனாக இருந்தால் ரிப்பிள் உருவாவதே இல்லை. ஆற்று மணல்மேடு அப்படியல்ல. அதன் அளவுக்கு எல்லை போடுவது மேலே இருக்கும் நீர்ப்பரப்பு. பாலைவனத்தில் அந்த வேலையைச் செய்வது தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர், அதற்கும் மேலே வளிமண்டலத்தில் உள்ள வெப்ப அடுக்கு என்று 2009-இல் ஒரு விளக்கம் வந்தது. அது ராட்சத மேடுகளுக்கு மட்டும்.

---

மதகு (பதிவு 7)

கரையோரம் கேட்ட இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. தடை விஷயம். எனக்கு இதுதான் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டின் முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு. இந்த வித்தியாசம் நீரைப் பின்னுக்கு இழுக்கிறது. இது மணல் துகள்களின் சொரசொரப்பால் வரும் உராய்வு இல்லை, வடிவத்தால் வரும் இழுவை. இரண்டையும் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்று 1952-இல் பார்பரோசாவோடு சேர்ந்து எழுதியவர் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். ஆமாம், அந்த ஐன்ஸ்டைனின் மகன்தான். வாழ்நாள் முழுக்க ஆற்று மணலோடு மல்லுக்கட்டியவர்.

நடைமுறையில் இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? மணல் படுகை சமதளமாக இருந்தால் மேனிங் எண் (ஓட்டத்துக்குப் படுகை தரும் தடையைக் குறிக்கும் எண்) சுமார் 0.012 இருக்கும். அதே மணலில் நன்றாக வளர்ந்த மேடுகள் வந்துவிட்டால் 0.03 வரைக்கும் போகும். துகள் மாறவில்லை, ஆறு மாறவில்லை, படுகையின் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. அகலமான ஆற்றில், மாறாத நீரளவுக்கு (நொடிக்குப் பாயும் நீரின் அளவுக்கு), ஆழம் மேனிங் எண்ணின் 0.6 அடுக்காக மாறும். எண் பாதியானால் ஆழம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெள்ளக் காலத்தில் இந்த மூன்றில் ஒரு பங்குதான் கரை தாங்குமா தாங்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

அப்புறம் ஒரு விசித்திரம். வெள்ளம் மேலும் மேலும் வேகமெடுத்தால் மேடுகள் கூடிக்கொண்டே போகாது. ஒரு கட்டத்தில் மணல் பெரும்பாலும் தொங்கல் நிலையில், அதாவது படுகையைத் தொடாமல் நீரிலேயே மிதந்தபடி, பயணிக்கத் தொடங்கும். முகட்டைத் தாண்டியதும் சரிவில் விழாமல் அடுத்த மேட்டுக்கே பறந்துபோகும். மேடுகள் நீண்டு, தாழ்ந்து, கடைசியில் கழுவப்பட்டுச் சமதளமாகிவிடும். தடை சரிந்து ஆறு திடீரென்று விரையும். நீரளவு கூடும்போதே நீர்மட்டம் ஏறாமல் நிற்பதைக்கூட இப்படிப்பட்ட இடங்களில் பார்க்கலாம்.

மேடுகள் உடனுக்குடன் மாறுவதும் இல்லை. வெள்ளத்தின் உச்சம் போன பிறகும் சிறிது காலம் வளர்ந்துகொண்டிருக்கும். ரைன் ஆற்றில் 1990-களின் வெள்ளங்களில் இதைக் கவனமாக அளந்திருக்கிறார்கள். ஆகவே அதே நீரளவுக்கு வெள்ளம் ஏறும்போது ஒரு மட்டம், வடியும்போது அதைவிட உயர்ந்த மட்டம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ள அலை ஏறும்போது நீர்ப்பரப்பின் சரிவு கூடுவதாலும் இதே திசையில்தான் வித்தியாசம் வரும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளுவதால், நீரளவையும் நீர்மட்டத்தையும் இணைத்துப் போடும் அளவைக் கோட்டில் வளையத்தைப் பார்த்தவுடன் மணல்மேடுதான் காரணம் என்று எழுதிவிடக் கூடாது.

---

படுகை (பதிவு 8)

மதகு சார் சொன்ன இழுவை எல்லாம் 30 டிகிரி மேட்டை மனதில் வைத்து வளர்ந்த கணக்கு. இப்போது மூலக் கேள்விக்கு வருவோம்.

ஆழமில்லாத சோதனைக் கால்வாயில், சில சென்டிமீட்டர் அல்லது சில பத்து சென்டிமீட்டர் நீரில் உருவாக்கும் மேடுகளுக்குப் பின்சரிவு பெரும்பாலும் 30 டிகிரி. அது நீருக்கடியில் மணல் தானாகச் சறுக்கி நிற்கும் கோணம். பல பத்தாண்டுகள் நாம் அளந்தது இவற்றைத்தான், ஏனென்றால் அளக்க முடிந்தது இவற்றைத்தான். பிறகு கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் அளந்தபோது மேடுகள் தாழ்ந்த சரிவோடு, கிட்டத்தட்டச் சமச்சீராக இருந்தன. பின்பக்கம் நிலையான சுழலும் அகப்படவில்லை. அந்த வடிவத்தை அச்செடுத்துச் சோதனைச் சாலையில் வைத்து லேசர் கொண்டு அளந்தார்கள், 2002-இல் வெளிவந்தது. பின்சரிவை ஒட்டி நீர் திரும்புவது உண்டு, ஆனால் மொத்த நேரத்தில் சில விழுக்காடுதான். மீதி நேரமெல்லாம் முன்னோக்கியே, தயங்கித் தயங்கி ஓடுகிறது.

ஃபிரேசர் மட்டும் விதிவிலக்கோ என்று கேட்டவர்களுக்கு 2020-இல் பதில் வந்தது. அமேசான், மிசிசிப்பி, மீகாங், பரானா என்று உலகின் பெரிய ஆறுகளின் படுகைகளை நுணுக்கமாக அளந்து ஒப்பிட்டார்கள். பின்சரிவின் சராசரிக் கோணம் 10 டிகிரி அளவில்தான் இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சரிவிலேயே மிகச் செங்குத்தான பகுதி முகட்டுக்குக் கீழே இல்லை, பள்ளத்துக்குப் பக்கத்தில், அடிவாரத்தில் இருக்கிறது. புத்தகப் படம் இதற்கு நேரெதிர்.

எனவே கரையோரம், உங்கள் சந்தேகம் நியாயமானது. பெரிய ஆற்றின் சாதாரண மேட்டில் நிலையான சுழல் இல்லை. நீர் வேகம் குறைகிறது, எப்போதாவது எங்கேயாவது பிரிகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் வேகமான நீருக்கும் தயங்கும் நீருக்கும் இடையிலான படலம் இருக்கவே செய்கிறது. அதனால் கொந்தளிப்பும் மேற்பரப்புக் கொப்பளிப்பும் நின்றுபோவதில்லை.

---

பாலைக்காற்று (பதிவு 9)

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. படகு ஆடும், ஒலிக்கற்றை ஆழத்தில் அகலமாக விரியும், முனைகள் எல்லாம் மழுங்கிப் பதிவாகும். 30 டிகிரி சரிவை மழுக்கி 10 ஆகக் காட்டுவது கருவியாகக்கூட இருக்கலாமே? இருக்கும் இயற்பியலை விட்டுவிட்டுப் புதிய விளக்கம் தேடுவதற்கு முன்பு இதைப் பார்க்க வேண்டாமா?

---

படுகை (பதிவு 10)

ஒற்றைக் கற்றை எதிரொலிமானி காலத்தில் இந்தக் கேள்வி நியாயமாகவே இருந்தது. இன்றைய பல்கற்றைக் கருவிகள் படகின் ஆட்டத்தைத் திருத்திவிட்டுத்தான் புள்ளிகளைப் பதிகின்றன, புள்ளிகளுக்கு இடையிலான தூரமும் ஒரு மீட்டரைவிடக் குறைவு. பல பத்து மீட்டர் நீளமுள்ள மேட்டின் சரிவை மழுக்க அது போதாது. அதைவிட முக்கியம், அதே அளவீட்டில், அதே ஆற்றில், பெரிய மேட்டின் முதுகில் ஏறி நகரும் குட்டி மேடுகள் தெளிவாகப் பதிவாகின்றன. குட்டிகளைப் பார்க்கும் கருவி தாயின் சரிவை மட்டும் எப்படித் தவறவிடும்?

சரிவு ஏன் தாழ்கிறது என்பதில்தான் இன்னும் சண்டை. பின்பக்கத்தில் தொங்கல் மணல் படிந்து நிரப்புவதால் என்கிறார்கள் சிலர். குட்டி மேடுகள் முகட்டை வந்தடைந்து அதைச் சிதைப்பதால் என்பது இன்னொரு கட்சி. 2019-இல் வந்த விளக்கம் சுவாரசியமானது. பெரிய மேட்டில் மணல் சறுக்கும்போது துகள்களுக்கு இடையில் சிக்கிய நீரின் அழுத்தம் கூடி, அந்தச் சறுக்கல் குழம்பாகி, 30 டிகிரியில் நிற்க முடியாமல் வெகுதூரம் பரவிவிடுகிறதாம். சின்ன மேட்டில் அந்த நீர் உடனே வெளியேறிவிடும் என்பதால் அங்கே அப்படி நடப்பதில்லை. ஆழமான ஆறுகளுக்கு மட்டும் ஏன் இந்த வடிவம் என்பதற்கு இது பொருந்திவருகிறது. ஒவ்வொரு ஆற்றிலும் ஒரே காரணமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

---

கடலடி (பதிவு 11)

ஓதம் உள்ள இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் நீர் ஒரே பக்கம் ஓடும். கழிமுகத்தில் நாளுக்கு நான்கு முறை திசை மாறும். அப்போது எது முன்சரிவு, எது பின்சரிவு?

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயில் 10 மீட்டர் உயரம், முகட்டுக்கு முகடு 220 மீட்டர் வரை உள்ள மேடுகள் இருக்கின்றன. இவ்வளவு மணலை ஆறு மணி நேர ஓட்டம் திருப்பிப் போட்டுவிட முடியாது. அதனால் பெரிய மேடு வலுவான ஓட்டத்தின் பக்கமே சாய்ந்து நிற்கும். அதன் முதுகில் உள்ள குட்டி மேடுகள் மட்டும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதிர்த்திசை ஓட்டத்தில் நீர் செங்குத்தான பக்கமாக ஏறி, மெல்லிய பக்கமாக இறங்குகிறது. அப்போது சுழலுக்கு வாய்ப்பே குறைவு. ஒரே மேடு, இரண்டு விதமான தடை.

வட கடலின் அடியிலும் நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளியில் இத்தகைய மணல் அலைகள் உண்டு. அவை ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும். ஆனால் மின்கம்பி பதிப்பவர்களுக்கு அந்தச் சில மீட்டரே போதும். மேட்டின் கீழே புதைத்த கம்பி, மேடு நகர்ந்ததும் பள்ளத்தில் அந்தரமாகத் தொங்கும்.

---

மதகு (பதிவு 12)

கம்பி பரவாயில்லை, சுரங்கப்பாதையே வெளியே வந்த கதை இருக்கிறது. அர்ஜென்டினாவில் பரானா ஆற்றின் அடியில் பரானா நகரையும் சாந்தா ஃபேயையும் இணைக்கும் சாலைச் சுரங்கம், 1969-இல் திறந்தது. 1983 பெருவெள்ளத்தில் ஆறு மீட்டருக்கும் மேல் உயரமான மணல்மேடுகள் அதன் மேல் ஊர்ந்துபோயின. மேட்டின் பள்ளம் சுரங்கத்துக்கு மேல் வந்தபோது மூடியிருந்த மணல் போய்விட்டது. உள்ளே காற்று நிறைந்த குழாய் அல்லவா, மேலே பாரம் இல்லையென்றால் மிதக்கப் பார்க்கும். மணல் ஏற்றிய லாரிகளைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்திப் பாரம் கொடுத்தார்கள்.

சராசரி படுகை மட்டத்தை வைத்து வடிவமைப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

---

ஊற்று (பதிவு 13)

எல்லோரும் மேட்டுக்கு மேலே ஓடும் நீரையே பேசுகிறீர்கள். உள்ளேயும் ஓடுகிறது! முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு என்றார் மதகு; முகட்டில் குறைவு என்றார் சுழி. மணல் நீரை உள்ளே விடும் பொருள். ஆகவே நீர் முன்சரிவில் உள்ளே புகுந்து, வளைந்து, முகட்டுக்கு அருகிலும் பின்பக்கமும் வெளியே வருகிறது. ஆற்றோட்டத்தோடு ஒப்பிட்டால் மிக மெதுவான ஓட்டம்தான். ஆனால் ஆக்சிஜனும் கரைந்த உயிர்ப்பொருளும் படுகைக்குள் போவது பெருமளவு இந்த வழியில்தான். மணலுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைப்பதும் இதை நம்பித்தான். சரிவு தாழ்ந்தால் அழுத்த வித்தியாசமும் குறையும், இந்த உள்ளோட்டமும் குறையும். பெரிய ஆறுகளுக்கு 30 டிகிரிக் கணக்கைப் போட்டவர்கள் இதையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

---

கரையோரம் (பதிவு 14)

ஒரு நடைமுறைக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரிய ஆறு ஒன்றின் ஓட்டத்தைக் கணினி மாதிரியில் போட வேண்டும். படுகையின் சொரசொரப்புக்கு மேட்டின் உயரத்தையும் நீளத்தையும் மட்டும் கேட்கும் சூத்திரங்கள்தான் கையில் இருக்கின்றன. கோணத்தை எங்கே நுழைப்பது?

---

சுழி (பதிவு 15)

அந்தச் சூத்திரங்களில் பல, 30 டிகிரியை உள்ளுக்குள் ஒளித்துவைத்திருக்கின்றன. அப்படியே போட்டால் தடை கூடுதலாக வரும், மாதிரியில் நீர்மட்டம் உயர்ந்து காட்டும். பின்சரிவின் கோணத்தைப் பொறுத்து வடிவ இழுவையைக் குறைக்கும் ஒரு காரணியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தாழ்ந்த சரிவு என்றால் கணிசமாகவே குறைக்கிறார்கள்.

என் யோசனை இதுதான். படுகை அளவீடு கையில் இருந்தால் முதலில் ஒவ்வொரு மேட்டின் பின்சரிவுக் கோணத்தையும் எடுங்கள். சராசரிக் கோணம் ஒன்று, மிகச் செங்குத்தான துண்டின் கோணம் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக. நீர் பிரியுமா என்பதை இரண்டாவதுதான் அதிகம் சொல்லும். பெரிய மேட்டையும் அதன் முதுகில் இருக்கும் குட்டிகளையும் பிரித்துக் கணக்கிடுங்கள். பெரியது 10 டிகிரியில் சாதுவாகப் படுத்திருக்க, குட்டிகள் செங்குத்தாக நின்று தடையில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக, குறைந்தது இரண்டு வெவ்வேறு நீரளவுகளில் அளந்த நீர்மட்டத்தோடு சரிபாருங்கள். ஒரே நீரளவில் மட்டும் பொருத்தினால், எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் ஏதாவது ஓர் எண்ணை மாற்றிப் பொருந்தவைத்துவிடலாம்.